மஞ்சள் நீராட்டு அன்று காலை

நீர்கொழும்பு,
12.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி ஜெயரூபன். நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். நீ, கணபதி மச்சான், சின்னவள் மூன்று பேரும் சுகமா? உன் முழங்கால் வலி குறைந்ததா?

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன் என்று திட்டித் தீர்த்திருப்பாய். திட்டு. இங்கே ஸலீம் நாநாவின் பேக்கரியில் வேலை கிடைத்திருக்கிறது. விறகுப் போறணையில் பாண் சுடுகிறோம். நம் லயத்துக்கும் கோயிலுக்கும் வயர் இழுத்தவன் இப்போது மாவு பிசைகிறான் என்று மச்சானிடம் சொல், சிரிப்பார். கடையில் ஒரு பல்ப் போனால்கூட நான் தொடுவதில்லை. அந்த வேலை தெரியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன் எடுக்காமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நம் லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிடுகிறது. நீ இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் வடிவம்மா பெரியம்மாவுக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். மகனைப் பறிகொடுத்தவர் காதில் என் குரல் விழ வேண்டாம். பதிலை இந்த விலாசத்துக்குப் போடு. நானும் இனி நீ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவுக்கே எழுதுகிறேன். அங்கே இருக்கிற பிள்ளைகள் யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

தர்ஷன் போய் மூன்று மாதம் ஆகப் போகிறது. திருவிழா முடிந்து, மஞ்சள் நீராட்டு அன்று காலை ஓடையில் குளிக்கப் போனவன். நம் தோட்டத்திலேயே நன்றாக நீந்தத் தெரிந்தவன். கழுத்தளவு தண்ணீரில் எப்படி அக்கா மூழ்குவான்? ஆஸ்பத்திரியில் என்ன எழுதிக் கொடுத்தார்கள்? கரகம் பாலித்துத் தூக்குகிற இடத்தில் தண்ணீருக்குள் நட்டோமே, லைட் கட்டின இரும்புக் குழாய் வளைவு, அது இன்னும் அங்கேயே நிற்கிறதா? நின்றால் பிடுங்கச் சொல். இன்றைக்கே சொல்.

தயானி எப்படி இருக்கிறாள்? பிள்ளை அப்பாவைக் கேட்கிறதா?

மறக்காமல் எழுது.
ஜெயரூபன்

*

கீழ்ப் பிரிவு, ஊற்றுமலைத் தோட்டம்,
எல்ல.
02.09.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, வெயில் வந்தால் மறந்துபோகிறது. வீட்டில் ஒரு ரொட்டி தட்டச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்பவன் ஊருக்கே பாண் சுடுகிறாயா? மச்சான் சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ இல்லாதது அவருக்குக் கையொடிந்த மாதிரி.

வளைவை அந்தக் கிழமையே பிடுங்கிக் கோயில் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நீரில் மூழ்கியதால் மரணம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். உடம்பில் சிறு கீறல்கூட இல்லையாம்.

தயானியைக் கேட்டாய். என்னத்தைச் சொல்ல. எல்லயில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதியில் சமையல் வேலைக்குப் போனாள் அல்லவா? காப்புக் கட்டிய பிறகு தோட்டத்தில் யாரும் கவிச்சி தொடுவதில்லை. இவள் அங்கே இறைச்சி ஆக்கிவிட்டுத் தினமும் வீட்டுக்கு வந்தாள் என்று இப்போது பேச்சு. வடிவம்மா பெரியம்மா வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கவே சொல்கிறார்: "எறச்சி ஆக்கிப்புட்டு அப்பிடியே காப்புக் கட்டுன புருசன் பக்கத்துல வந்து நின்னா. ஆத்தா பாத்துக்கிட்டா இருப்பா?"

அவளையும் பிள்ளையையும் பின்பக்கத்துச் சாய்ப்பில் ஒதுக்கிவிட்டார். கோயில் படி ஏறக் கூடாதாம்.

கரண்ட் ஏதும் பட்டிருக்குமோ என்று மச்சான் ஒரு தரம் கேட்டார். இராசையா தலைவர் அடித்துச் சொல்லிவிட்டார்: "கரண்டா இருந்தா தூக்கப் போனவனுகளையும் புடிச்சிருக்கணும்ல? நாலு பேரு குதிச்சானுக, ஒருத்தனுக்கும் ஒன்னும் ஆகல. இது சாமி குத்தம்." அன்று காலை தூரத்தில் குளித்த பிள்ளைகள்கூடத் தண்ணீர் சுள்ளென்று குத்தியதாகச் சொன்னார்கள். அதுவும் ஆத்தாளின் கோபம் என்று முடிவாகிவிட்டது.

நீ எதையும் மனதில் போட்டு உழப்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
விஜயலெட்சுமி

*

நீர்கொழும்பு,
20.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுத இன்று எனக்கு மனம் வரவில்லை. நேராகவே சொல்கிறேன். தர்ஷனைக் கொன்றது சாமி இல்லை. நான்.

காப்புக் கட்டிய மாலை உனக்கு ஞாபகம் இருக்கும். ஓடைக்குக் கிட்ட இருப்பது உன் வீடு என்பதால் அங்கிருந்துதான் வயர் இழுத்தேன். மழைத் தூறல். லைட் போட்டதும் உன் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. தூக்கிவிட்டேன், விழுந்தது. மூன்றாவது தடவையும் விழுந்தது. கரகம் எழும்பும்போது லைட் நின்றால் தோட்டத்துக்கே ஆகாது என்று தலைவர் கத்தினார். நான் ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்தேன். அதன் பிறகு லைட் நிற்கவே இல்லை. எல்லாரும் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

கரகம் தூக்கியவர் தண்ணீருக்குள் நின்றபோது கால் வெடவெடவென்று ஆடியது. பெண்கள் குலவை போட்டார்கள். அருள் வந்துவிட்டது என்றார்கள். அக்கா, வயரை முறுக்கிக் கட்டியவன் நான். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இங்கே அலவி என்று ஒருவர் தினமும் பாண் வாங்க வருவார். மின்சார வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரு கூட்டாளிக்கு நடந்தது என்று சொல்லி விவரம் கேட்டேன். "தண்ணிக்குள்ள கரண்ட் இருந்தா கண்ணுக்கு விளங்காது தம்பி. தூர நிக்கிறவனுக்குச் சுள்ளெண்டு இருக்கும். கிட்ட நீந்திப் போறவனுக்குக் கை கால் இறுகிப் போகும், கத்தவும் ஏலாது. மேல காயம் ஒண்டும் இருக்காது. பாக்கிறவங்க மூழ்கிட்டான்னுதான் நினைப்பாங்க" என்றார். ட்ரிப் சுவிட்ச் விழுவது லைட்டைக் கெடுக்க இல்லையாம், எங்கேயோ கரண்ட் ஒழுகுகிறது என்று சொல்லத்தானாம். எனக்குத் தெரியாததா? வேலை பழகிய முதல் நாளே சொல்லித் தந்தார்கள். தெரிந்துகொண்டேதான் செய்தேன்.

ஒன்று மட்டும் சொல். விடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடச் சொல்லி உன்னிடம் சொன்னேனா? திருவிழா அலுப்பில் எனக்கு நினைவே இல்லை. சொன்னது போலவும் இருக்கிறது, சொல்லாதது போலவும் இருக்கிறது. சொன்னேனா அக்கா?

யாரையாவது கூட்டி உன் வீட்டு ட்ரிப் சுவிட்சை முதலில் சரி செய்.

ஜெயரூபன்

*

ஊற்றுமலைத் தோட்டம்,
28.11.2024

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. தீபாவளி, பிறகு சின்னவளுக்குக் காய்ச்சல், பிறகு விடாத மழை. மேல் ரோட்டில் மண் சரிந்து பஸ் நான்கு நாள் ஓடவில்லை. பிள்ளைக்காம்பராவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சளி. மூக்குத் துடைத்தே என் சேலை முந்தானை போயிற்று.

நீ கேட்டதற்கு: நீ சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. நடந்தது நடந்துவிட்டது. இனி அதைக் கிளறுவதால் போனவன் வரப் போவதில்லை. உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இந்த மாதிரி எழுத்தில் எழுதாதே. யார் கையில் எப்போது அகப்படும் என்று தெரியாது.

முறுக்கு அனுப்பியிருக்கிறேன். நொறுங்கியிருந்தால் என்னைத் திட்டாதே, தபால்காரனைத் திட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

நீர்கொழும்பு,
08.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகமும் அறிந்து நிம்மதி. முறுக்கு நொறுங்கித்தான் வந்தது. ஸலீம் நாநா கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார்.

ஆக, நான் சொல்லவில்லை. ஒரு பக்கம் இதுவும் நல்லதுதான். பாதிப் பாரத்தை உன் தலையில் வைத்துவிடலாமா என்று ஒரு நப்பாசை இருந்தது. வெட்கமாக இருக்கிறது. அது என்னோடேயே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று பிடிபடவில்லை. தலைவர் கேட்ட கேள்வியை அலவியும் கேட்கிறார். காலை முழுக்கக் கரண்ட் ஓடியிருந்தால் தர்ஷனைத் தூக்கக் குதித்த நாலு பேரும் தப்பியிருக்க முடியாதாம். "யாரோ இடையில நிப்பாட்டியிருக்கணும்" என்கிறார். அன்று தோட்டத்தில் கரண்ட் போனதா? உனக்கு ஏதாவது ஞாபகம் வந்தால் எழுது.

தயானியின் கதைதான் என்னைத் தின்கிறது. செய்தவன் இங்கே மூன்று வேளையும் தின்றுவிட்டுத் திரிகிறேன். செய்யாதவள் சாய்ப்பில் கிடக்கிறாள். தர்ஷன் எனக்கு எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் நான் சறுக்கி ஓடையில் விழுந்தபோது என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவன் அவன்.

அவளுக்கு நீயாவது ஒரு வாய் ஆறுதல் சொல்.

ஜெயரூபன்

*

ஊற்றுமலைத் தோட்டம்,
20.01.2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் நல்லபடி போனது. பால் கிழக்கே பொங்கி வழிந்தது. நீ அங்கே பொங்கினாயா, இல்லை பாணைக் கடித்தாயா? மச்சானுக்கு இருமல். மற்றபடி குறைவில்லை.

தயானி விடுதி வேலையை விட்டுவிட்டாள். இப்போது கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறாள். தேயிலை நிறையில் அவள் பக்கத்தில் நிற்க யாரும் விரும்புவதில்லை. பிள்ளை துஷ்யந்தியைக் காலையில் என்னிடம்தான் விட்டுப் போகிறாள். மூன்று வயதுப் பிள்ளை வந்ததும் என் மடியில் ஏறிக்கொள்கிறது. நான் இறக்கி விடுவதில்லை.

கோயில் கமிட்டி கூடியது. இந்த வருடத் திருவிழா மே மாதம் ஒன்பதாம் திகதி வெள்ளிக்கிழமை காப்புக் கட்டோடு தொடங்குகிறது. தயானி பரிகாரம் செய்ய வேண்டும் என்று முடிவு. கரகம் பாலிப்பதற்கு முன் அவள் தனியாக ஓடையில் இறங்கி, லைட் வளைவுக்கு நேர் கீழே ஈரச் சேலையோடு நின்று, ஏழு குடம் தண்ணீர் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வார்களாம். மேல் பிரிவு நிஷாந்த் லைட் கட்டுகிறானாம். போன வருடம் போலவே என் வீட்டிலிருந்துதான் வயர்.

தயானி சரி என்றுவிட்டாள். "ஏழு கொடம் என்னக்கா, எழுவது கொடம் ஊத்துறேன். நான் செஞ்ச பாவம் தீரணும்" என்றாள். அவளும் நம்புகிறாள் தம்பி. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ நன்றாகத் தூங்கு.
அக்கா

*

நீர்கொழும்பு,
02.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அவள் அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது. அதே குழாய், அதே வயர், அதே வீடு. தூறல் விழுந்து லைட் நின்றால் நிஷாந்தும் நான் செய்ததைத்தான் செய்வான். தலைவர் கத்துவார், அவன் முறுக்குவான். அவளும் போய்ச் சேர்ந்தால் அந்தப் பிள்ளை யார் மடியில் ஏறும்?

இத்துடன் தலைவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கமிட்டியைக் கூட்டி எல்லாருக்கும் முன்னால் வாசிக்கச் சொல். உறையை ஒட்டவில்லை, நீயும் வாசித்துக்கொள். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயர் கொடுத்தது, காலையில் பிளக்கைக் கழற்றாமல் தூங்கிப் போனது எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். தயானிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். பொலிஸ் கூப்பிட்டால் வருகிறேன்.

எழுதி முடித்ததும் ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் தூங்கினேன். உனக்குத் தலைக்குனிவுதான். என்னை மன்னித்துக்கொள்.

ஜெயரூபன்

*

நீர்கொழும்பு,
10.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? ஐந்து கிழமையாகப் பதில் இல்லை. தலைவரிடம் கடிதத்தைக் கொடுத்தாயா? என்ன சொன்னார்கள்? எப்படித் திட்டினாலும் பரவாயில்லை, அப்படியே எழுது. காப்புக் கட்டுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

ஜெயரூபன்

*

ஊற்றுமலைத் தோட்டம்,
21.03.2025

அன்புத் தம்பிக்கு,

கோபப்படாதே. இங்கே எல்லோரும் நலம். மச்சானுக்கு இருமல் நின்றுவிட்டது. சின்னவள் கணக்கில் எண்பது எடுத்திருக்கிறாள், உன்னைப் போல மக்கு இல்லை.

தலைவர் கண் ஆபரேஷனுக்குப் பதுளைக்குப் போனார். திரும்பி வந்தும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறார். அவரிடம் இப்போது எதைக் கொடுப்பது? நீயும் யோசித்துப் பார். பொலிஸ், கோர்ட் என்று போனால் உன் வாழ்க்கை முடிந்தது. அம்மா சாகும்போது உன்னை என் கையில் பிடித்துக் கொடுத்தார். நானே கொண்டுபோய்த் தள்ளவா?

ஏழு குடம் தண்ணீர்தான். ஊற்றிவிட்டு வந்தால் அவளுக்கும் வீடு கிடைக்கும், பெரியம்மாவுக்கும் மனம் ஆறும். கரண்டைப் பற்றி நீ கவலைப்படாதே. நிஷாந்திடம் சொல்லிக்கொள்ளலாம். மறுநாள்களிலும் நான் கவனமாக இருப்பேன். மஞ்சளைக்கூட இந்த முறை அம்மியில்தான் அரைக்கப் போகிறேன்.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

*

நீர்கொழும்பு,
29.03.2025

அக்கா,

நான் மஞ்சளைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

போன வருடம் மஞ்சளை எதில் அரைத்தாய்? எத்தனை மணிக்கு அரைத்தாய்?

ஜெயரூபன்

*

ஊற்றுமலைத் தோட்டம்,
10.04.2025

என் தம்பிக்கு,

பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார்கள். துஷ்யந்தி என் காலடியில் படுத்திருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொண்டே எழுதினால்தான் பொய் வராது.

நீ சொன்னாய். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னாய். "அக்கா, விடிஞ்சதும் பிளக்கக் கழட்டிரு, சுவிட்ச அமத்துனா மட்டும் பத்தாது, கழட்டிரு" என்றாய். நான்தான் அசட்டையாக இருந்தேன். விடிந்ததும் சுவிட்சை மட்டும் அமத்தினேன். அமத்தினால் போதாதா, இவன் பெரிய இஞ்சினியர் என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு மஞ்சள் அரைக்க உட்கார்ந்தேன். திருவிழா வயர் மாட்டியிருந்த அதே பிளக் பலகையில்தான் கிரைண்டரையும் மாட்டினேன். இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். போட்டேன். விரலி மஞ்சள் லேசில் அரைபடவில்லை. நிறுத்தி நிறுத்தி அரைக்கப் பத்து நிமிடம் பிடித்தது. ஓடைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கிரைண்டர் இரைச்சலில் நான் கவனிக்கவில்லை. அரைத்து முடித்து, சுவிட்சை அமத்தி, மஞ்சளை வழித்துக்கொண்டிருந்தபோதுதான் "தர்ஷன காணோம்" என்று கத்தினார்கள். ஓடினேன். என் கை முழுக்க மஞ்சள். வளைவுக்குப் பக்கத்திலிருந்துதான் அவனைத் தூக்கினார்கள்.

வீட்டுக்குத் திரும்பி வந்து பலகையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. முதலில் வயரைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அழுதது அதற்குப் பிறகுதான். தலைவர் கேட்டாரே, தூக்கப் போனவனுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று? நான் அமத்திவிட்டேன், அதனால். அவர் கேட்டபோது நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன்.

நீ சொன்னேனா என்று கேட்டு எழுதிய அன்று உண்மையை எழுத உட்கார்ந்தேன். இரண்டு மாதம் உட்கார்ந்தேன். கடைசியில் ஞாபகம் இல்லை என்று எழுதினேன். நீ அதை நம்பி எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய். நானும் விட்டுவிட்டேன். தம்பியைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் காப்பாற்றியது என்னைத்தான்.

தலைவருக்கு நீ எழுதியதை வந்த அன்றே எரித்தேன். கொடுத்திருந்தால் நீ ஒருவன் மட்டும் மாட்டியிருப்பாய், என் பெயர் அதில் இல்லை. கொடுத்துவிடு என்று ஒரு மனம் சொன்னது தம்பி. அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று இந்தப் பிள்ளைக்குத் தலை துடைத்துக்கொண்டிருந்தேன். "எங்கம்மா சாமி தண்ணியில குளிக்கப் போறாங்க, அப்புறம் பாட்டி எங்கள உள்ளுக்கு எடுப்பாங்க" என்று சிரித்தது. இனி என்னால் முடியாது. மறுபடியும் எழுது, உன் பங்கை மட்டும் எழுது. என் பங்கை நானே வாயால் சொல்கிறேன். மச்சானிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ சுகமாக இருக்க வேண்டும். அதைத் தவிர வேறு எதையும் கேட்க எனக்கு வாய் இல்லை.

அக்கா

*

ஊற்றுமலைத் தோட்டம்,
14.05.2025

ஜெயரூபன் அண்ணாவுக்கு,

தயானி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் விலாசத்தை லெட்சுமி அக்காதான் தந்தார்.

நடந்ததை நீங்கள் என்னிடமிருந்து தெரிந்துகொள்வதே சரி என்று எழுதுகிறேன். ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கமிட்டி கூடியது. உங்கள் இரண்டாவது கடிதத்தைக் கணபதி அண்ணன் வாசித்தார். வாசித்து முடிந்ததும் கூட்டம் ஒரே சத்தம். லெட்சுமி அக்கா எழும்பி நடுவில் வந்து நின்றார். "அவன் கழட்டச் சொன்னான். நான் கழட்டல. சுவிட்சப் போட்டது நான். ஒரு வருசமா மறைச்சதும் நான்" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. என் மாமி எழும்பிப் போய் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அக்கா நகரவில்லை. இன்னொரு அறை விழுவதற்குள் மாமியே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. லைட் நிற்கக் கூடாது என்று கத்தியது தானே என்று பிறகு ஒரு தரம் முணுமுணுத்தார். பரிகாரத்தை நிறுத்திவிட்டார்கள். வளைவு நடவில்லை. கரகம் பாலிக்கத் தீப்பந்தம்தான் பிடித்தார்கள். திருவிழா நேற்று முன்தினம் முடிந்தது. நான் ஓடைப் பக்கம் போகவில்லை.

பொலிஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அக்காவின் வாக்குமூலத்தை எடுத்துவிட்டார்கள். உங்களுடையதும் வேண்டுமாம். கடிதம் போதாது அண்ணா. வாருங்கள். இங்கே வந்து, மாமி முன்னால் நின்று, உங்கள் வாயால் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் மன்னித்துக்கொள் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கு முடியவில்லை. மன்னிக்க மனம் வரும் என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் உரியதை ஒரு வருடம் நான் சுமந்தேன். ஊர் சொன்னதற்காக மட்டும் சுமக்கவில்லை. நானும் நம்பினேன். இவர் சாகும் அளவுக்கு நான் என்ன செய்தேன் என்று ஒவ்வொரு நாளையும் தோண்டித் தோண்டிப் பார்த்தேன். தோண்டினால் யாருக்கும் ஏதாவது அகப்படத்தானே செய்யும். இனி நீங்கள் தோண்டுங்கள்.

மாமி இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சாய்ப்பிலிருந்த எங்கள் பாயைத் தானே உள்ளே கொண்டுபோய் விரித்திருந்தார்.

இன்னும் ஒன்று, யாரிடமும் சொல்லாதது. இறைச்சி தொட்ட என் கை இவரைக் கொன்றது போல் பிள்ளையையும் ஏதாவது செய்துவிடும் என்று எனக்குப் பயம். அதனால் இந்த ஒரு வருடமும் அவளுக்கு நான் கரண்டியால்தான் ஊட்டினேன். பிசைந்து ஊட்டச் சொல்லி அழுவாள், அடித்திருக்கிறேன். கமிட்டி கூடிய அன்று வீட்டுக்கு வந்து, சோற்றில் பருப்பை ஊற்றி, கையால் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அவள் மென்றுகொண்டே என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். "அம்மா, கை நல்லாயிருச்சா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னேன்.

தயானி